பள்ளிக்கூடத்துக்கு நடுவே ஒரு ஏக்கர் கரும்பு

அன்புள்ள பழைய வகுப்புத் தோழர்களே, போன மாதம் நீங்கள் கூட்டமாகச் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். "நம்ம ஸ்கூலுக்காக அந்த ஒரு ஏக்கரைக் குடுத்துடச் சொல்லு" என்று கேட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன். வீடு தேடி வந்தவர்களைத் திட்டக் கூடாது என்பது அம்மா பழக்கிய பழக்கம். இப்போது நீங்கள் அவரவர் வீட்டில் இருக்கிறீர்கள், நான் என் வீட்டில் இருக்கிறேன். இனித் திட்டலாம்.

நம் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டி வலி. ஆனால் நீங்கள் நினைவு வைத்திருக்கும் பள்ளிக்கூடமும் நான் நினைவு வைத்திருக்கும் பள்ளிக்கூடமும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீங்கள் பேசியதெல்லாம் இப்போது கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற பக்கம் தெரிகிற பள்ளிக்கூடத்தைப் பற்றி. நாலு மாடி, ஹாஸ்டல், நீச்சல் குளம், டாக்டர் படிப்புக்கும் இன்ஜினியர் படிப்புக்கும் தனித்தனிக் கோச்சிங் பிளாக், வரிசையாக நிற்கிற மஞ்சள் பஸ்கள். நான் பேசப்போவது நாம் படித்த பள்ளிக்கூடம்.

அது ஓடாமல் நின்றுபோன அரிசி மில். மழை பெய்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழும் சத்தத்தில் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும். சுவரில் கை வைத்தால் தவிடு ஒட்டும். வெயில் ஏற ஏறப் புழுங்கல் நெல்லின் வாசனை எங்கிருந்தோ கிளம்பி, கணக்குப் பாடம் முழுக்க மூக்கில் நிற்கும். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு வேப்பமரத்தில் தொங்கியது. அதை அடிக்கிற இரும்புக் கம்பியை ஒளித்து வைத்துவிட்டால் இன்டர்வெல் நீளும் என்று கண்டுபிடித்தது நம் வகுப்புதான். அந்தக் கம்பி எங்கே போனதோ, எனக்கு இன்னும் அதன் துரு வாசனை நினைவிருக்கிறது.

நம் தாளாளர் அப்போது இளைஞர். கடலூரில் பெயிலானவர்களுக்கு டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் மில்லை வாடகைக்கு எடுத்து, "நம்ம ஊர்ப் பிள்ளைங்களை நேரா காலேஜுக்கு அனுப்புற ஸ்கூல்" என்று போர்டு மாட்டினார். நாம்தான் அவருடைய முதல் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கு அங்கீகாரம் வரவில்லை என்றால் அந்த வருஷம் நாம் பள்ளியின் பெயரில் பரீட்சை எழுத முடியாது. அங்கீகாரத்துக்கு லேப் வேண்டும், லைப்ரரி வேண்டும், விளையாட்டு மைதானம் வேண்டும். அவரிடம் மூன்றும் இல்லை. ஆனால் வாய் இருந்தது.

மில்லுக்கு ஒட்டினாற்போல் இருந்த கரும்பு நிலம் என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. அதனால் நான் அவர்களுக்குப் பாதிப் பெண். சாப்பாட்டு மணி அடித்ததும் நீங்களெல்லாம் டிபன் பாக்ஸைத் திறப்பீர்கள், நான் வரப்பில் ஓடிப்போய் அத்தை கையால் சுடுசோறு தின்றுவிட்டு வருவேன். மாமாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. என் பூகோளப் புத்தகத்தை வாங்கி, படங்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கம் கசங்காமல் திருப்பித் தருவார்.

தாளாளர் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்கு வந்தார். நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், ஒரு சின்ன ஒத்தாச" என்றார். எங்களுக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் மச்சான்.

"சொல்லுங்க சார்."

"ஆபிசருங்க வர்றாங்க. கிரவுண்டு எங்கன்னு கேப்பாங்க. ஒங்க நெலத்த ஒரே ஒரு நாளைக்கி நம்ம கிரவுண்டுன்னு காட்டிக்கிறன். அவுங்க ஜீப்பு திரும்பினதும் நெலம் ஒங்குளுது."

"கரும்பு நிக்குதே சார்."

"அத வெட்டிட்டா தேவல மச்சான். பசங்க படிப்பு. ஒங்க தங்கச்சி பொண்ணு படிப்பும்தான்."

அத்தை கரண்டியோடு வெளியே வந்தார். "ஆலையில கட்டிங் ஆர்டரு வராம எப்டி வெட்டுறது? இன்னும் மாசிக்கி போவணும் அது. பச்சையா வெட்டிட்டு எங்க கொண்டுபோயி கொட்டுறது?"

கரும்பு ஊரில் வளராதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆலைக்குப் பதிந்த கரும்பை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. எந்த வயலை எப்போது வெட்டுவது என்று ஆலை உத்தரவு அனுப்பும், அதற்குப் பெயர்தான் கட்டிங் ஆர்டர். அதற்கு முன்னால் வெட்டினால் ஆலை எடுக்காது. முற்றாத கரும்பில் சர்க்கரையும் ஏறியிருக்காது. ஒரு வருஷ வெள்ளாமை தரையில் கிடந்து காயும். மாமாவுக்கு இது தெரியாதா? கரும்பிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்.

அவர் என்னைப் பார்த்தார். என் வாயில் சோறு இருந்தது.

"கரும்பு அடுத்த வருசமும் மொளைக்கும். இவ படிப்பு மொளைக்குமா?" என்று அத்தையிடம் சொன்னார்.

அந்த வாரமே வெட்டினார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் நீங்களும் அதில் பங்காளிகள். வெட்டிய கரும்பில் கொஞ்சத்தைக் கடலூர் ஜூஸ் வண்டிக்காரர்கள் தோன்றிய விலையைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார்கள். மீதியை மாமா "பிள்ளைங்க தின்னட்டும்" என்று பள்ளிக்கூடத்து வாசலிலேயே இறக்கிப் போட்டார். பொங்கல் கரும்பு மாதிரி இளசு இல்லை, கட்டை மாதிரி இருக்கும், இனிப்பும் அரைகுறை. ஆனாலும் ஒரு வாரம் நாம் தின்றோம். ஈறில் ரத்தம் வரும்வரை தின்றோம். வகுப்பறைத் தரை பிசுபிசுத்து, செருப்பு ஒட்டி, சக்கை குவிந்து, பெஞ்சுக்கு அடியில் எறும்பு சாரை சாரையாகப் போனது. ஆங்கில டீச்சர் எறும்பு கடித்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்யுள் நடத்தினார். அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது நீங்கள் இப்போதும் சிரிக்கிறீர்கள். நீங்கள் தின்றது ஒரு மனிதனின் முழு வருஷம்.

பிறகு கைத்தொழில் பீரியடு எல்லாம் கட்டை பிடுங்கும் பீரியடு ஆனது. வெட்டின கரும்பின் அடிக்கட்டைகளைக் கடப்பாரையால் பெரிய பையன்கள் நெம்ப, நாம் கூடையில் அள்ளினோம். மேலே செம்மண் கொட்டி நிரவினோம். பி.டி. மாஸ்டர் சவுக்குக் கழியில் கோல்போஸ்ட் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டார். சிதம்பரத்தில் ஏதோ ஒரு டுடோரியலிலிருந்து வேனில் மைக்ராஸ்கோப்புகள் வந்து இறங்கின. அவற்றைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார் தாளாளர்.

அதிகாரிகள் வந்த அன்று நாம் அந்த மைதானத்தில் த்ரோபால் ஆடினோம். மண்ணுக்குள் தப்பி நின்ற கட்டை ஒன்று என் குதிகாலைக் கிழித்தது. ரத்தம் தெரியாமல் இருக்க மண்ணை அப்பிக்கொண்டு ஆடினேன். ஓர் அதிகாரி நம் வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, எத்தனை நாளாக இங்கே விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். அவள் கண்ணை இமைக்காமல், "ஆறாவதுலேர்ந்து சார்" என்றாள். தாளாளர் அவள் தலையைத் தடவினார். அதே வகுப்புத் தலைவிதான் போன மாதம் உங்கள் கூட்டத்துக்கும் தலைமை தாங்கி வந்தாள். அவளுக்கு இன்னும் அந்தத் தடவல் போதவில்லை போலிருக்கிறது.

அங்கீகாரம் வந்தது. ஜீப் திரும்பியது. கோல்போஸ்ட் மட்டும் போகவில்லை.

மாமா முதலில் கேட்டபோது, இன்னொரு அதிகாரி வரக்கூடும் என்றார்கள். அடுத்த முறை, தாளாளர் ஊரில் இல்லை என்றார்கள். பொங்கல் லீவு முடிந்து நாம் திரும்பியபோது அந்த ஒரு ஏக்கரைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. புதிதாக ஒரு கேட், புதிதாக ஒரு வாட்ச்மேன். அந்தக் கேட்டுக்கு வெளியே மாமா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாட்ச்மேன் அவரிடம், "நீ யாரு? பேரு இன்னா? அப்பாயின்மெண்ட்டு இருக்குதா?" என்று கேட்டான். தன் நிலத்துக்குள் போக மாமாவிடம் அப்பாயின்மெண்ட் இல்லை. வகுப்பில் அப்போது என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு முதன்முதலாக ஒருவரைக் கொல்ல வேண்டும் போலத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கடைசியில் தாளாளர் பேசினார், மாமாவிடம் இல்லை, என் அப்பாவிடம். அப்பா தாலுகா ஆபிசில் கிளார்க். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஆபிசருங்க அத கிரவுண்டுன்னு எழுதிட்டு போயிட்டாங்க சார். இப்ப திருப்பிக் குடுத்தா அங்கீகாரம் போயிடும். ஒங்க பொண்ணும் எழுத முடியாது, மத்த பிள்ளைங்களும் எழுத முடியாது. பரீட்ச முடியிற வரைக்கும் ஒங்க மச்சான பொறுத்துக்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அப்பா மாமா வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அத்தை, "நடவு பட்டம் போயிடும், அப்புறம் எப்ப நடறது?" என்று கத்தினார். மாமா, "பரீட்ச வரைக்கும் போவட்டும் உடு" என்றார். என் படிப்புக்காக ஒரு வெள்ளாமையை வெட்டிப் போட்டவர், அதே படிப்புக்காக அடுத்த நடவையும் விட்டார். நான் அந்தப் பரீட்சைக்கு எப்படிப் படித்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நிலம்தான் கிடந்தது.

கடைசிப் பரீட்சை சமூக அறிவியல். கடலூர் சென்டரில் எழுதிவிட்டு வேனில் திரும்பினோம். மறுநாள் பள்ளியின் ஆண்டு விழா. மைதானத்தில் மேடை போட்டு, பந்தல் கால் நட்டு, சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் திரும்பும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. முள்கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. வாடகை டிராக்டர் ஒன்று மைதானத்தை உழுதுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மட்கார்டில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் அத்தை உட்கார்ந்திருந்தார்.

செம்மண்ணைக் கிழித்துக்கொண்டு கறுப்பு மண் மேலே வந்தது. சுண்ணாம்புக் கோடு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கோல்போஸ்ட்டில் ஒன்று சாய்ந்தது. தாளாளர் மில்லுக்குள்ளிருந்து ஓடிவந்து டிராக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நவுருங்க சார்" என்றார் அத்தை. "பரீட்ச முடிஞ்சி போச்சி."

"பிள்ளைங்க எதிர்காலத்துல ஏர் ஓட்டுறீங்க நீங்க!"

"எதிர்காலத்துல இல்ல. எங்க மாமனாரு நெலத்துல ஓட்டுறன். நவுருங்க, கலப்பைக்கி ஆளு தெரியாது."

அவர் நகர்ந்தார். நம் வேனில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். ஆமாம், நீங்களும்தான். வகுப்புத் தலைவி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு விசிலே அடித்தாள். அது அவளுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. மேடையை மட்டும் விட்டுவிட்டு அத்தை மொத்த ஏக்கரையும் உழுது முடித்தார். மறுநாள் வந்த சிறப்பு விருந்தினர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்த மண்ணில் தடுக்கித் தடுக்கி மேடைக்குப் போனாராம். என் வாழ்க்கையில் நான் அனுபவித்த சந்தோஷங்களில் அதற்குச் சமமாக இன்னொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என்னை அழைத்துப் போக அப்பா சைக்கிளில் வந்தார். நடந்ததைப் பார்த்தார். மாமா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் போகாமல், அப்பா நேரே தாளாளரிடம் போய்க் கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க சார். படிக்காத பொம்பள, புத்தி கெட்டுப் போயி செஞ்சிடுச்சி. இவளுக்கு பிளஸ் ஒன்ல பர்ஸ்ட் குரூப்பு மட்டும்…"

மாமா அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கைக்கு வரிசை கொண்டுவருவது அவருடைய பெருமை. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு எல்லாவற்றையும் தானே சைக்கிளில் கட்டி, மணி அடித்துக்கொண்டே தெருவுக்குள் வருவார். அந்த வருஷத்திலிருந்து வரிசை பால்காரர் கையில் வந்தது. அம்மா கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுவாள். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றால், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறுவாள். அப்பாவுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருப்பார்.

என் அப்பா கெட்டவர் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. காலேஜ் வாசலை மிதிக்கக் கிடைக்காத மனிதர். பள்ளிக்கூடம் என்று போர்டு மாட்டியிருந்தால் உள்ளே இருப்பவர் எல்லாம் சாமி என்று நம்பினார். ஒரு ஏக்கரை விடப் படிப்பு பெரிது என்று அவர் போட்ட கணக்கும் தப்பில்லை. அந்த ஏக்கர் அவருடையது இல்லை என்பதை மட்டும் மறந்துவிட்டார். இதெல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும் மன்னிக்க முடியவில்லை, அவரையும்தான். எனக்குப் பிளஸ் ஒன் சீட்டும் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளிக்குப் போனேன், நன்றாகவே படித்தேன், பாங்க் வேலைக்கும் போனேன். அந்தக் குறை எனக்கு இல்லை. என் அம்மா தன் அண்ணனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வந்தாளே, அதற்குத்தான் நான் இத்தனை வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

மாமா அந்த நிலத்தில் திரும்பவும் கரும்பு நட்டார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கல்தூண்களைப் பிடுங்க வைத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் மற்ற மூன்று பக்கமும் நிலம் வாங்கி வளர்ந்தது. மில் போய் மாடி வந்தது, ஒரு மாடி நாலு மாடி ஆனது. நடுவில் அந்த ஏக்கர் அப்படியே நின்றது. நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதை இப்போது பள்ளிக்கூடத்து மெயின் கேட்டுக்குள் போகிறது. பாதையை அடைக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் வெட்டுக் காலத்தில் அவர்களுடைய செக்யூரிட்டி எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட வேண்டும். ஏசி பஸ்களுக்கு நடுவே எங்கள் டிராக்டர் கரும்பேற்றிக்கொண்டு, காய்ந்த கரும்புச் சோகையை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வெளியே வரும். மாமா போன பிறகு அந்தச் சாகுபடியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆலைக் கரும்பில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அந்தக் கேட் திறக்கிறதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு வருஷமும் முட்டி வலியோடு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறுகிறேன்.

இப்போது அங்கே கலையரங்கம் கட்ட வேண்டுமாம். வேறு இடம் இல்லையாம். கிளம்பும்போது வாசலில் நின்று வகுப்புத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, அரங்கத்துக்கு என் மாமாவின் பெயரையே வைப்பதாகத் தாளாளரின் மகன் சொன்னார் என்றாள். "இதுக்கு மேல இன்னாடி வேணும் ஒனக்கு?" என்றும் கேட்டாள். அந்த ஒரு நிமிஷம் நான் ஆசைப்பட்டது உண்மை. மாமாவின் பெயர், அத்தனை பெரிய எழுத்தில், அந்தச் சுவரில். நிலம் அத்தை பெயரில் இருக்கிறது, அவரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே போய்க் கேட்டேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், நாக்கு மந்தம் இல்லை. இரண்டு முறை உரக்கச் சொன்ன பிறகு விஷயம் புரிந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"பேரா?" என்றார். "உசுரோட இருக்கும்போது கேட்டாண்ட நிக்க வச்சி, நீ யாரு, பேரு இன்னான்னு கேட்டானுங்க. இப்ப அந்தப் பேரு தெரிஞ்சி போச்சாமா?"

அப்புறம், "பேரு வைக்கணும்னு ஆச இருந்தா வச்சிக்கச் சொல்லு. நெலத்த உட்டுட்டு வேற எங்கனா வச்சிக்கட்டும்" என்றார்.

இது அத்தையின் பதில். எழுதிவிட்டேன், வகுப்புத் தலைவி உரியவரிடம் சேர்த்துவிடட்டும். கிழவி இன்னும் எத்தனை நாள், அதற்குப் பிறகு படித்தவளிடம், அதாவது என்னிடம், பேசிக்கொள்ளலாம் என்று தாளாளரின் மகன் உங்களில் ஒருவரிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தை நல்லவர். அன்றைக்கு உழும்போது அவர்களுடைய மேடையை விட்டுவிட்டு உழுதார். என் கையில் கலப்பை இருந்திருந்தால் மேடையும் மிஞ்சியிருக்காது. இந்த மாசி நடவுக்கு விதைக் கரும்புக் கரணைக்குச் சொல்லியாயிற்று.